ஏர்போர்ட் ஆணியில் தொங்கிய பாக்குவெட்டி

போன மாதம் என் நகவெட்டி பறிபோனது. புறப்பட்ட ஊர் ஏர்போர்ட்டில் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், வச்சுக்கங்க" என்றார்கள். திரும்பி வரும்போது இன்னொரு ஏர்போர்ட். அதே நகவெட்டி, அதே பை, அதே நான். "இது போகாது சார்" என்று தொட்டியில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்து என் மனைவி வசந்தாவிடம் புலம்பினேன். அவள், "பதினேழாம் நம்பர் மாதிரி வருமா?" என்று சிரித்தாள். வருமா என்ன! அதனால்தான் இந்தப் பதிவு.

வருஷம் 1985. எனக்கு அப்போது வயது இருபத்தொன்பது. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. அவசரம் என்றால் கம்பெனி செலவில் விமானத்தில் அனுப்புவார்கள். மெட்ராஸிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, பயண நேரம் ஒரு மணி ஐந்து நிமிஷம். விசிறி வைத்த சின்ன விமானம். இறங்கி வரும்போது மலைக்கோட்டையும் இரண்டு ஆறுகளும் ஜன்னலில் தெரியும். அதற்காகவே காசு கொடுக்கலாம், அதுவும் அடுத்தவன் காசு.

அந்த வருஷங்களில் விமானக் கடத்தல் பயம் அதிகம். பாதுகாப்பு விதி வாரத்துக்கு ஒன்று வரும். ஒரு தடவை என் ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டு டார்ச் லைட் பேட்டரியைப் பிடுங்கினார்கள். அடுத்த தடவை பேட்டரி போகலாம், ஸ்க்ரூடிரைவர் கூடாது. இன்னொரு தடவை எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். எக்ஸ்ரே மெக்கானிக்கான என் பையைக் கையை விட்டுத் துழாவித்தான் சோதிப்பார்கள், அதற்கு மெஷின் கிடையாது. இந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல?

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காந்தி மார்க்கெட்டில் அவருக்கு வெற்றிலை மண்டி. வீடு ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம். நானும் வசந்தாவும் 1983இல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். ஜாதி வேறு. அவர் வரவில்லை. ஊருக்கெல்லாம் தாம்பூலத்துக்கு வெற்றிலை கொடுக்கிற மனுஷர், சொந்த மகளுக்குத் தாம்பூலம் மாற்றவில்லை. ஆறு மாதம் கழித்து வீட்டுக்குள் விட்டார். ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும், "அவங்களுக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா" என்று வசந்தாவிடம் சொல்வார். அவள் இல்லாவிட்டால் அத்தையிடம். நானும் பதிலுக்கு, "வேணும்னு சொல்லு" என்பேன். எனக்கும் ரோஷம் உண்டல்லவா!

அவரிடம் ஒரு பாக்குவெட்டி இருந்தது. வெண்கலப் பிடி, எஃகு வாய், முனையில் கிளி மூக்கு. அவர் அப்பா காலத்துச் சாமான். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அதைக்கொண்டுதான் முதல் பாக்கு வெட்ட வேண்டும். முதல் வெட்டு சாமிக்கு, இரண்டாவது வெட்டு வீட்டு மாப்பிள்ளைக்கு. இது அவர்கள் குடும்ப வழக்கம். அந்த வருஷம் அதன் நடு ஆணி தேய்ந்து, வாய் ஆட ஆரம்பித்திருந்தது. அவருக்கு அறுபதாம் கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பட்டறை எதையும் அவர் நம்பமாட்டார். ஆஸ்பத்திரி வேலையாகத் திருச்சி வந்த நான் ஸ்ரீரங்கத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, "இதெல்லாம் எங்க ஒர்க்‌ஷாப்புல அஞ்சு நிமிஷ வேலை அத்தை" என்று வாயை விட்டேன். மாமனார் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். பிறகு அத்தையிடம் சொன்னார்: "எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. கல்யாணத்துக்கு முந்தின நாள் கையில இருக்கணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தன் பாக்குவெட்டியை இன்னொருத்தர் கையில் கொடுத்ததே இல்லையாம்.

அன்று சாயங்காலம் திருச்சி ஏர்போர்ட்டில் அது மாட்டிக்கொண்டது.

சோதனை மேஜையில் இருந்தவர் ஏட்டு பிச்சைமுத்து. ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை, நிதானமான ஆள். பாக்குவெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார். "போன வாரம் வரைக்கும் விட்டோம் சார். நேத்து புதுத் தாள் வந்திருக்கு. மடிக்கிற கத்தி, வெட்டுற சாமான் எதுவும் மேல போகக்கூடாது." என் பெட்டி ஏற்கெனவே விமானத்தில் ஏறிவிட்டது, அதில் போடவும் வழியில்லை. "இது என்ன கத்தியா? பாக்கு வெட்டுறதுங்க! பைலட்டைப் பாக்குன்னு நினைச்சா வெட்டப்போறேன்?" என்று குதித்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பின்னால் சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். ஆணிகளில் கத்தரிக்கோல், சவரக்கத்தி, வாழைநாரில் கட்டிய பேட்டரிகள், யாரோ குழந்தையின் பொம்மைத் துப்பாக்கி எல்லாம் தொங்கின. பாக்குவெட்டியைப் பதினேழாம் நம்பர் ஆணியில் மாட்டிவிட்டு, 17 என்று அடித்த பித்தளை டோக்கனை என் கையில் வைத்தார்.

"செருப்பு ஸ்டாண்டு டோக்கன் மாதிரி இருக்கே" என்றேன் எரிச்சலாக.

"அதேதான் சார். என் மச்சினன் ரெங்கன் ஸ்ரீரங்கத்துல கோயில் வாசல்ல செருப்பு ஸ்டாண்டு வச்சிருக்கான். அங்க மிச்சமிருந்த பழைய டோக்கனை வாங்கிட்டு வந்தேன். எத்தனை மாசம் ஆனாலும் டோக்கனைக் குடுத்தா பொருளைக் குடுத்துடுவேன்."

விமானத்தில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டே போனேன். யோசித்துப் பார்த்தால், வேறு எந்த ஊர் ஏர்போர்ட்டில் ஒருவர் மெனக்கெட்டு ஆணி அடித்து நம்பர் எழுதி வைப்பார்? அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். "அப்பா காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்" என்றாள். பழைய ஆணியின் அளவு மனதில் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் எஃகுக் கம்பியை வெட்டி இரண்டு ஆணி செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதற்கும் மெட்ராஸ் சோதனையில் தடை சொல்வார்களோ என்று பயந்தேன். ஆணியை விட்டுவிட்டு வசந்தாவின் கொண்டை ஊசிகளைப் பத்து நிமிஷம் எண்ணினார்கள். சரி, போகட்டும்.

அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை 10.25க்குத் திருச்சியில் இறங்கினோம். வசந்தாவைக் காரில் உட்காரவைத்துவிட்டுச் சோதனை மேஜைக்கு ஓடினேன். பிச்சைமுத்துவுக்கு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரைதான் டூட்டி, மறுநாள் லீவு, பலகை இருக்கும் அறைச் சாவி அவரிடம்தான் என்றார்கள். சரி, மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர், வாடகைக் காருக்கு நாற்பது ரூபாய். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்ததும் அந்தக் கவலையிலும் மனசு லேசாகிவிட்டது. ராஜகோபுரம் அப்போது சாரம் கட்டி எழும்பிக்கொண்டிருந்த நேரம். அத்தனை உயரத்தில் சாரத்தில் நின்று, யாரோ கீழே இருப்பவனிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டு வேலை செய்கிற ஆட்களைப் பார்த்து வாயைப் பிளந்தேன்.

வீட்டில் காலை வைத்ததும் அத்தை, "மொதல்ல போயி பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடுங்க" என்று துரத்தினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் வாசலில் செருப்பை விட்டேன், வசந்தா வீட்டிலிருந்தே வெறுங்காலில் வந்திருந்தாள். ரெங்கன் ஸ்டாண்டுதான் அது என்று எனக்குத் தெரியாது. அவர் கொடுத்த டோக்கனைச் சட்டைப் பையில் போட்டேன். அந்தப் பையில் ஏற்கெனவே ஏர்போர்ட் பதினேழு இருந்தது. புரிந்துவிட்டதா? எனக்குத்தான் புரியவில்லை.

தரிசனம் முடித்து வெளியே வந்து ஒரு டோக்கனை நீட்டினேன். கறுப்புத் தோல் செருப்பு வந்தது. போட்டுக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கம். கல்தரையில் நடந்து கால் வீங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மாமனார், "பாக்குவெட்டி வந்துச்சான்னு கேளும்மா" என்றார். வசந்தா, "சாயங்காலம் தர்றாங்களாம்பா" என்று சமாளித்தாள். பொய் இல்லைதான்.

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜங்ஷன் வரை ஒரு ரூபாய்க்கும் குறைவு, முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் ஐந்து கிலோமீட்டர், பத்து ரூபாய். ஏர்போர்ட்டில் பிச்சைமுத்து என்னை அடையாளம் கண்டு சிரித்தார். டோக்கனைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நாப்பத்திரெண்டு சார். நாப்பத்திரெண்டாம் ஆணியில ஒரு குடை இருக்கு. உங்க குடையா?" என்றார்.

பையைத் தடவினேன். வேறு டோக்கன் இல்லை. அவர் தலைக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், கிளி மூக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, அதோ தொங்குதே! என்னோடதுதான். உங்களுக்கே தெரியும்!"

"தெரியும் சார். டோக்கன் இல்லாம எடுக்கமாட்டேன்."

"அன்னிக்கு ஒரு ரூலு, இன்னிக்கு ஒரு ரூலு. என்னங்க இது அநியாயம்!"

"மேல இருந்து வர்ற ரூல் நாளுக்கு ஒண்ணா மாறும் சார். அது என் கையில இல்ல. இந்தப் பலகை என்னோடது. ஒரு தடவை முகத்தைப் பாத்து நம்பி, ஒரு டெய்லரோட கத்தரிக்கோலை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன். பாவம், பொழைப்பே அதுலதான். அன்னிலேருந்து டோக்கன் வராம பொருள் கை மாறாது. கலெக்டர் வந்தாலும் இதேதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கு குழறியது. நாளைக்கு என்றால் அவருக்கு லீவு, காலை ஏழரைக்கு முகூர்த்தம். அவர் மட்டும் அமைதியாக நாற்பத்திரண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனீங்களா சார்?" என்றார். பிறகு மேஜைக்கு அடியில் என் காலை எட்டிப் பார்த்தார். "அந்தச் செருப்பு உங்களோடதா?"

குனிந்து பார்த்தேன். என் செருப்பில் இடது வார் தையல் விட்டிருக்கும். இதில் விடவில்லை.

"நம்ம மச்சினன்கிட்ட பதினேழைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓடுங்க சார், யாரோ வெறுங்காலோட நிப்பாங்க."

திரும்ப ஆட்டோ, திரும்ப ஒண்ணாம் நம்பர். அந்தச் செருப்போடு ஓடும்போது, யாரோ ஒருவரின் காலை நான் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வெட்கமாக இருந்தது. நாலரைக்கு ஸ்டாண்டை அடைந்தேன். அங்கே சின்ன நிழலில், தலையில் துண்டோடு ஒருவர் வெறுங்காலுடன் குந்தியிருந்தார். திருவெள்ளறையிலிருந்து வந்த விவசாயி, பெயர் செல்லையா. ஒரு மணியிலிருந்து காத்திருக்கிறார். அவரிடமும் 17 என்ற டோக்கன் இருந்தது. அந்த நம்பர் செருப்பை நான் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். நாலு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு என் காலைப் பார்த்தார்.

"என் செருப்பு சின்னதாச்சே. கடிச்சிருச்சா?"

குதிகால் தோல் உரிந்திருந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. "தேங்காய் எண்ணெ தடவுங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, "வரேங்க" என்று பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். சுடுகல்லில் மூன்றரை மணி நேரம் காக்கவைத்தவனின் காலைப் பற்றிக் கவலைப்பட்ட மனுஷர் அவர். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். இப்படி ஒருவரை இன்னும் பார்க்கவில்லை.

ரெங்கன் தன் மடியிலிருந்து ஏர்போர்ட் டோக்கனை எடுத்தார். "ரெண்டு பதினேழு வந்ததுமே மச்சான் டோக்கன்னு புரிஞ்சுபோச்சு சார். தனியா வச்சுட்டேன். எப்படியும் நீங்க திரும்பி வந்துதானே ஆகணும்?" என் செருப்பையும் கொடுத்தார். மணி ஐந்து. பிச்சைமுத்துவின் டூட்டி முடியும் நேரம். இனி ஏர்போர்ட்டுக்கு ஓடிப் பயனில்லை. அந்தக் கல்படியில் உட்கார்ந்து, மாமனாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். இரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக என்னை நம்பி ஒன்றைக் கொடுத்தார், அதையும் கோட்டைவிட்டேன். அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

ஆறே கால் இருக்கும். காக்கிச் சட்டையோடு பிச்சைமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் வீடு திருவானைக்காவலில். என்னைத் தேடி அதையும் தாண்டி வந்திருக்கிறார். டிபன் கேரியர் பையிலிருந்து துணியில் சுற்றிய பாக்குவெட்டியை எடுத்தார். நான் பாய்ந்தேன். அவர் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு மறு கையை நீட்டினார்.

"டோக்கன்?"

கொடுத்தேன். நம்பரைச் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அந்தக் கல்படியிலேயே பழைய ஆணியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பிச்சைமுத்து பிடித்துக்கொள்ள, ரெங்கன் சுத்தியல் கொடுக்க, நான் அடித்தேன்; முதல் ஆணி வளைந்தது, இரண்டாவது கச்சிதமாக உட்கார்ந்தது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டதும் வாய் ஆடவே இல்லை.

ஏழு மணிக்கு மாமனார் அதைத் திறந்து மூடிப் பார்த்தார். "டக்" என்று சத்தம் வந்தது. முகத்தில் ஒரு திருப்தி. "மெட்ராஸ்ல எந்தப் பட்டறைன்னு கேளும்மா" என்றார். வசந்தா என்னைப் பார்த்தாள். பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் செல்லையாவின் முகம் கண்ணிலேயே நின்றது. ஆணியில் தொங்கியது, டோக்கன் மாறியது, செருப்பு, கல்படி, ஒன்று விடாமல் சொன்னேன். மாமனார் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை. மாமனாரும் அத்தையும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாக்கை வெட்டிச் சாமி முன்னால் வைத்தார். இரண்டாவதை வெட்டினார். வழக்கம்போல வசந்தா பக்கம் திரும்பி, "அவங்களை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, இங்க வாங்க."

போனேன். வெற்றிலையில் அந்தப் பாக்கை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"உங்க தாம்பூலம். ரெண்டு வருஷமா என்கிட்ட ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எடுத்துக்கங்க."

அத்தை அழுதார்கள். வசந்தா அழுதாள். நான் வெற்றிலையை வாங்கிக்கொண்டு அப்படியே அவர் காலில் விழுந்துவிட்டேன்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசல். ஒண்ணாம் நம்பர் பஸ் இன்றும் ஓடுகிறது, அவசரமில்லை என்றால் அதுதான் சுகம். சன்னதி எந்த நேரம் சாத்துவார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். வெட்டுகிற, குத்துகிற எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். போன தடவை விட்டார்களே என்ற நியாயம் எந்தக் காலத்திலும் எடுபட்டதில்லை. சோதிப்பவர்மேல் பாயாதீர்கள், அந்தத் தாளை எழுதியது அவர் இல்லை. செருப்பு டோக்கனைத் தனிப் பையில் வையுங்கள்.

திரும்பின அன்று சோதனை மேஜையில் பிச்சைமுத்துதான் இருந்தார். என் கைப்பையில் வாழைநார் கட்டிய ஒரு வெற்றிலைப் பொட்டலம் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே சீராக வெட்டிய பாக்கு.

"யாரு சார் வெட்டுனது?"

"மாமனார். வழியில போட்டுக்கங்க மாப்ளேன்னு குடுத்தாரு."

அவர் ஒரு வில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார். பொட்டலத்தை முன்பிருந்தபடியே கட்டி என் கையில் கொடுத்தார்.

"இது டோக்கன் இல்லாமலே போகலாம் சார். போயிட்டு வாங்க."